குட்டி யானையும் நான்கு பெரிய யானைகளும்

மன்னார்குடியில் என் அத்தான் குட்டி யானை ஓட்டுகிறார். அத்தை மகன், என்னைவிட ஆறு வயது மூத்தவர். நெல் மூட்டை, வாழைத்தார், கல்யாண வீட்டு நாற்காலி, திருவிழாவுக்கு ஜெனரேட்டர் என்று அந்தச் சின்ன வண்டியில் அவர் ஏற்றாதது எதுவும் இல்லை. 2023 கோடையில், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி நகரத்திலிருந்து அவரை அழைத்து, பின்னால் திறந்த சரக்குப் பெட்டி உள்ள பிக்கப் டிரக் ஒன்று வாங்கப் போகிறேன் என்றேன். குதிரைத்திறன், திரையின் அளவு, தோல் இருக்கை, திறக்கும் கூரை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

“அதெல்லாம் சரி மாப்பிள்ளை, எத்தனை கிலோ ஏற்றலாம்?” என்றார் அத்தான்.

எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதமாகக் காணொளிகள் பார்த்து, அலுவலகத்தில் மதிய உணவு நேரமெல்லாம் விவாதித்து, நான்கு விற்பனையகங்களின் காப்பியைக் குடித்தவனுக்கு அந்த ஒரு எண் தெரியவில்லை.

நான் பிக்கப் தேடியதற்குக் காரணம் ஒரு டிரெய்லர். சமையல் மேடை, கழிவறை, ஐந்து பேருக்குப் படுக்கை உள்ள 25 அடி வீடு. சைவச் சாப்பாடு தேடி அலையாமல் பூங்காக்களில் தங்கலாம், அம்மா வந்திருக்கும்போது அவருக்குக் கழிவறைக் கவலை இருக்காது என்று மனைவி கேட்டாள். நியாயமான ஆசைதான். பழைய வண்டியாகப் பார்த்து முதலில் டிரெய்லரைப் பேசி முடித்துவிட்டோம். அதை இழுக்க எங்கள் பழைய கார் போதாது.

டெக்சஸில் பிக்கப் வாங்குகிறேன் என்று சொன்னால் யாரும் எதற்கு என்று கேட்பதில்லை, எது என்றுதான் கேட்பார்கள். ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா. சில்வராடோவின் உடன்பிறப்பான ஜிஎம்சி சியராவைத் தனியாக எண்ணுபவர்களும் உண்டு. இந்த அரை டன் வகுப்பில் வெளிநாட்டுப் போட்டி குறைவாக இருப்பதற்குக் கோழி ஒரு காரணம் என்றால் ஊரில் நம்பமாட்டார்கள். அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டதற்குப் பதிலடியாக, வெளிநாட்டுச் சிறு டிரக்குகளுக்கு 25 விழுக்காடு வரி 1964-இல் நடைமுறைக்கு வந்தது. கோழிச் சண்டை ஓய்ந்தது; டிரக் வரி அப்படியே நின்றுவிட்டது. டொயோட்டாவே டண்ட்ராவை இங்கே சான் அன்டோனியோவில்தான் செய்கிறது. அந்தத் தொழிற்சாலை நிற்கும் பண்ணை 1794-இல் தொடங்கியதாம். அதனால்தான் ஒரு டண்ட்ரா ரகத்துக்கு 1794 என்றே பெயர். ராம் மட்டும் சளைத்ததா? மற்ற மாநிலங்களில் ‘பிக் ஹார்ன்’ என்று விற்கும் ரகத்தை இங்கே இந்த மாநிலத்தின் பட்டப்பெயரான ‘லோன் ஸ்டார்’ (ஒற்றை நட்சத்திரம்) என்று விற்கிறது. மண்ணின் பாசத்தைத் தொட்டு விற்பதை நம் ஊர் அரசியல்வாதிகள் இவர்களிடம் கற்கலாம். அல்லது இவர்கள் அங்கே கற்றிருக்கலாம்.

அலுவலகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி. 1977 முதல் அமெரிக்காவில் அதிகம் விற்கும் பிக்கப் வரிசை ஃபோர்டுடையது, அவ்வளவு பேரும் முட்டாள்களா என்றார் ஒருவர். 2007-ஆம் ஆண்டு டண்ட்ரா ஒன்று பத்து லட்சம் மைல் ஓடிய கதையைச் சொன்னார் இன்னொருவர். கதை உண்மைதான். ஆனால் அந்த வண்டியில் இருந்தது எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சின். 2022 முதல் வரும் டண்ட்ராவில் இருப்பது ஆறு சிலிண்டர் கொண்ட இரட்டை டர்போ வி6. தாத்தா நூறு வயது வாழ்ந்தார் என்பதற்காகப் பேரனுக்குக் காப்பீடு வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

ஓட்டிப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் அழைத்துப் போனேன். அம்மாவுக்கு எழுபது வயது, இரண்டு முழங்காலிலும் வலி. இதுதான் நான் செய்த முதல் உருப்படியான காரியம். தனியாகப் போயிருந்தால் முடுக்கியை மிதித்துப் பார்த்துப் பூரித்துப் போய்க் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

முதல் வண்டியின் பின்கதவைத் திறந்ததும் அம்மா அண்ணாந்து பார்த்தார். “என்னப்பா இது, பரண் மேல் ஏறுவது மாதிரி இருக்கிறதே?” படிப்பலகை இருந்தது, ஆனால் கதவோடு ஒட்டிய மெல்லிய குழாய். செருப்பு வழுக்கியது. உள்ளே கைப்பிடி எங்கே என்று தேடி, இருக்கையைப் பிடித்து, புடவையை ஒரு கையால் இழுத்துக்கொண்டு ஏறுவதற்குள் விற்பனையாளர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். காற்றுப் பைகள் மீது நிற்கும் ராம் ஒன்றில், ஏறி இறங்குவதற்காக ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டியே இரண்டு அங்குலம் அளவுக்குத் தாழ்கிறது. அம்மாவுக்கு அது யானை மண்டியிடுவதைப் போலத் தோன்றியது. “இதுதான் மரியாதை தெரிந்த வண்டி” என்றார்.

ராமின் ஓட்டமும் மெத்தென்று இருந்தது. காரணம் எளிது. ஃபோர்டிலும் செவர்லேயிலும் பின்சக்கரங்களுக்கு லாரிகளில் இருப்பது போன்ற வில்பட்டைகள். ராம் 2009-லேயே சுருள்வில்லுக்கு மாறிவிட்டது. டண்ட்ராவும் 2022-இல் மாறியது. பெட்டி காலியாக இருக்கும்போது வில்பட்டை வண்டி சாலைக் குழிகளைக் கொஞ்சம் சத்தமாகவே அறிவிக்கும். சுமை ஏறினால் அடங்கிவிடும். ஆகையால் ஓட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்தில் சுருள்வில் வண்டி எப்போதும் ஜெயிக்கும். நாம் வாங்குவது அந்தப் பத்து நிமிடத்துக்காகவா என்பது வேறு கேள்வி.

அத்தானின் கேள்வி மண்டையில் உறுத்திக்கொண்டிருந்ததால், எனக்கு மிகவும் பிடித்துப்போன ஓர் உச்ச ரக வண்டியின் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருந்த மஞ்சள், வெள்ளைச் சீட்டைக் குனிந்து படித்தேன். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எக்காரணம் கொண்டும் 1,230 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. செல்பேசியில் கணக்குப் போட்டேன். 558 கிலோ. எழுபதாயிரம் டாலருக்கு மேல் விலை போட்ட, பத்தொன்பது அடி நீள வண்டி.

அன்றிரவு அத்தானிடம் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, “என் வண்டி முக்கால் டன் ஏற்றும் மாப்பிள்ளை” என்றார், மிகுந்த இரக்கத்தோடு.

எந்த நிறுவனத்தின் வண்டி அது என்பது இங்கே பெரிய விஷயம் இல்லை. நான்கிலும் உச்ச ரகங்களின் போக்கு ஏறக்குறைய இதுதான். வண்டியின் மொத்த எடைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அதிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் சுமை வரம்பு. கண்ணாடிக் கூரை, குளிரூட்டும் இருக்கை, மின்சாரப் படி, நான்கு சக்கர இயக்கம், பெரிய சக்கரம் என்று விலை ஏற ஏற வண்டியின் எடையும் ஏறுகிறது. நமக்கு மிஞ்சுவது குறைகிறது. அதாவது அதிகப் பணம் கொடுத்துக் குறைவாகச் சுமக்கும் வண்டியை வாங்குகிறோம். ‘அரை டன்’ என்ற பெயர் பழைய காலத்துச் சுமைக் கணக்கிலிருந்து ஒட்டிக்கொண்டது. இன்றைய வண்டி எவ்வளவு சுமக்கும் என்று அது சொல்லாது.

அதன்பின் விளம்பரங்களைப் படிக்கும் கண்ணே மாறிவிட்டது. அந்த ஆண்டு விளம்பரங்களில் இழுவைத் திறன் என்று எஃப்-150-க்கு 14,000 பவுண்டு, சில்வராடோவுக்கு 13,300, ராமுக்கு 12,750, டண்ட்ராவுக்கு 12,000 என்று போட்டிருந்தார்கள். இவை பொய் இல்லை. குறிப்பிட்ட ஒரு கேபின், குறிப்பிட்ட எஞ்சின், குறிப்பிட்ட அச்சு விகிதம், இழுவைத் தொகுப்பு எல்லாம் ஒன்றுகூடினால் கிடைக்கும் எண். கடையில் நிற்கும் வண்டிக்கு அது பொருந்த வேண்டும் என்பதில்லை. இன்னொன்று: டிரெய்லரின் எடையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு கொக்கி வழியாக வண்டியின் முதுகில் உட்காரும். அதுவும் சுமை வரம்பில்தான் சேரும். குடும்பத்தோடு டிரெய்லர் இழுப்பவருக்கு இழுவைத் திறன் தீர்வதற்கு வெகு முன்பே சுமை வரம்பு தீர்ந்துவிடும்.

என் கணக்கைச் சமையலறை மேசையில் உட்கார்ந்து போட்டேன். நாங்கள் ஐந்து பேர், 605 பவுண்டு. (மனைவியின் எடையை மனைவியே எழுதினாள், நான் திருத்தவில்லை.) குளிர்ப்பெட்டி, கருவிகள், பிள்ளைகளின் சைக்கிள்கள், அம்மாவின் ஊறுகாய் ஜாடி எல்லாம் 200. எடையைப் பகிர்ந்து தரும் இழுவைக் கொக்கி 80. டிரெய்லர் சாமான்களோடு 6,200 பவுண்டு வரும் என்று எடுத்துக்கொண்டால் கொக்கியில் அழுத்துவது சுமார் 800. மொத்தம் 1,685 பவுண்டு, 764 கிலோ. அம்மா மெச்சிய வகையைச் சேர்ந்த சொகுசு வண்டிகள் எல்லாம் அந்த மேசையிலேயே விழுந்துவிட்டன. அத்தானின் குட்டி யானையும்தான், அது வேறு விஷயம்.

இங்கே ஒரு நுணுக்கம். கதவுச் சீட்டு ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாக அச்சாகிறது. ஒரே பெயர், ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு முன்னூறு பவுண்டு வித்தியாசம் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன். நிறைந்த எரிபொருள் தொட்டியின் எடை ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுநரின் எடை கழிக்கப்படவில்லை. பிறகு நாம் பொருத்தும் பெட்டி மூடி, படிப்பலகை, கருவிப் பெட்டி எல்லாவற்றையும் நாமே கழித்துக்கொள்ள வேண்டும். நான் விற்பனையகங்களுக்கு எழுதும்போது, வண்டியின் படங்களோடு கதவுச் சீட்டின் படத்தையும் அனுப்புங்கள் என்று கேட்கத் தொடங்கினேன். பாதிப் பேர் பதில் போடவில்லை. பதில் போட்டவர்களோடு மட்டும் பேசியதில் எனக்கு நிறைய நேரம் மிச்சமானது.

அடுத்து, வண்டி நிறுத்தும் வீட்டுக் கொட்டகை. நாலு கதவு கொண்ட பெரிய கேபினும் ஐந்தரை அடிப் பெட்டியும் உள்ள எஃப்-150 ஏறக்குறைய 19 அடி 4 அங்குலம். மற்ற மூன்றும் ஓரிரு அங்குலத்துக்குள்தான். ஆறரை அடிப் பெட்டி என்றால் இருபது அடியைத் தாண்டிவிடும். எங்கள் கொட்டகையின் உள்நீளம் 19 அடி 10 அங்குலம். அளவு நாடாவைச் சுவரிலிருந்து இழுத்துப் பார்த்து, நீளப் பெட்டி ஆசையை அங்கேயே விட்டேன். குறுகிய பெட்டியிலும் எட்டடி ஒட்டுப்பலகையைச் சக்கர மேடுகளுக்கு நடுவே தட்டையாகப் படுக்க வைக்கலாம். பின்கதவைத் திறந்து போட்டு, கயிற்றால் கட்டி, முனையில் சிவப்புத் துணி தொங்கவிட்டால் போதும். உயரத்தையும் அளந்துவிடுங்கள். குடியிருப்போர் சங்கத்தின் விதிகளையும் படித்துவிடுங்கள். எங்கள் சங்கம் டிரெய்லரை வாசலில் நிறுத்தவிடாது. அதற்கு மாத வாடகையில் வேறு இடம் பிடிக்க வேண்டியிருந்தது. இந்த வாடகையை எந்தக் காணொளியும் எனக்குச் சொல்லவில்லை.

எஞ்சின் சண்டைக்குள் அதிகம் போக விரும்பவில்லை. ராமின் ஹெமி வி8-இன் குரலுக்கு நான் மயங்கினேன் என்பது உண்மை. சில்வராடோவின் மூன்று லிட்டர் டீசல் நெடுஞ்சாலையில் சிக்கனம். டண்ட்ராவின் ஹைப்ரிட் 437 குதிரைத்திறன். எஃப்-150 ஹைப்ரிடில் 7.2 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் வசதி உண்டு. 2021 பிப்ரவரிப் பனியில் டெக்சஸ் மின்கட்டமைப்பு படுத்தபோது சிலர் அதில் வீட்டையே ஓட்டினார்கள். அந்த நாட்கள் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது; வீட்டுக்குள் கம்பளிச் சட்டையோடு தூங்கினோம். ஆனால் நான் பார்த்த ஹைப்ரிட் வண்டிகளில் பேட்டரியின் எடை சுமை வரம்பைத் தின்றிருந்தது. கடைசியில் 3.5 லிட்டர் டர்போ எஞ்சின், இரண்டு கிலோவாட் மின் வசதி, துணி இருக்கை, 18 அங்குலச் சக்கரம் கொண்ட நடுத்தர ரக எஃப்-150 ஒன்றைப் பிடித்தேன். கதவுச் சீட்டில் 1,812 பவுண்டு. 822 கிலோ. அத்தானுக்குப் படம் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

விலை பேசியதைச் சொல்லாமல் விடக் கூடாது. வீட்டுக்குப் பக்கத்து விற்பனையகம் ஒன்றில், கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிச் சீட்டு. டயரில் நைட்ரஜன், வண்ணப் பாதுகாப்புப் பூச்சு, கதவு விளிம்புக் காப்பு என்று இரண்டாயிரம் டாலர் சொச்சம். வேண்டாம் என்றேன். ஏற்கெனவே பொருத்தியாகிவிட்டது, எடுக்க முடியாது என்றார்கள். டயரில் அடைத்த காற்றை எடுக்க முடியாதா என்று கேட்டேன். மேலாளரைக் கூப்பிடப் போனவர் வரவே இல்லை. பெரிய சீட்டு தொழிற்சாலை ஒட்டுவது. குட்டிச் சீட்டு கடைக்காரரின் கைவேலை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால் போதும். ஐந்து விற்பனையகங்களுக்கு மின்னஞ்சல் போட்டு, வரி, பதிவு, கட்டணம் எல்லாம் சேர்த்துச் சாவியைக் கையில் தரும் மொத்த விலை என்ன என்று மட்டும் கேட்டேன். டெக்சஸில் வண்டிக்கு விற்பனை வரி 6.25 விழுக்காடு என்பதால் கூட்டல் கணக்கைச் சரிபார்ப்பது கடினமில்லை. 130 மைல் தள்ளி ஒரு சிற்றூரில் ஒருவர் ஒரே வரியில் விலை எழுதினார். போய் வாங்கி வந்தோம்.

முதல் பயணத்துக்கு முன் எடை போட்டேன். லாரிகள் நிறுத்தும் பெட்ரோல் நிலையங்களில் எடைமேடை இருக்கும். பதினைந்து டாலர் அளவில் முடிந்துவிடும். முன் அச்சு ஒரு பலகை, பின் அச்சு ஒரு பலகை, டிரெய்லர் ஒரு பலகை என்று நிறுத்த வேண்டும். குடும்பமே வண்டிக்குள், பின்னால் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று காத்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு வியர்த்துவிட்டது. சீட்டு வந்தது: பிக்கப்பின் இரண்டு அச்சிலும் சேர்த்து 6,960 பவுண்டு, வரம்பு 7,050. டிரெய்லரைக் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றினேன், 6,140. ஆக முதுகில் உட்கார்ந்தது 820. டிரெய்லரின் மொத்த எடை 6,400. நான் நினைத்ததைவிட இருநூறு பவுண்டு கூடுதல். டிரெய்லரை நிறுத்தும் வாடகை இடத்திலிருந்தே அதன் தண்ணீர்த் தொட்டியைக் கால்வாசி நிரப்பிக்கொண்டு வந்திருந்தேன். ஒரு காலன் தண்ணீர் எட்டு பவுண்டுக்கு மேல். அன்றிலிருந்து போய்ச் சேரும் பூங்காவிலேயே தண்ணீர் பிடிக்கிறோம்.

பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போனபோது மேற்கு டெக்சஸ் நெடுஞ்சாலையில் வேக வரம்பு 80 மைல். என் டிரெய்லரின் டயர் 65-க்கு மேல் போகாதே என்று தன் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. எல்லோரும் என்னை முந்திக்கொண்டு போனார்கள். தனியாக ஓடும்போது காலனுக்கு 21 மைல் கொடுக்கும் வண்டி, டிரெய்லரோடு ஒன்பது பத்துக்கு இறங்கியது. எரிபொருள் முள் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஃபோர்ட் ஸ்டாக்டனில் தொட்டியை நிரப்பாமல் தெற்கே திரும்பாதீர்கள். பெரிய தொட்டிக்கு அன்று கஞ்சத்தனம் பார்த்தது என் தவறு. மலை ஏற்றத்தில் டர்போ எஞ்சின் திணறவில்லை; இறக்கத்தில்தான் என் கை ஸ்டியரிங்கை இறுக்கியது. டிரெய்லரின் தனி பிரேக்கை எவ்வளவு வலுவாக வைக்க வேண்டும் என்று காலி மைதானத்தில் அரை நாள் பழகியது அங்கே கைகொடுத்தது.

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் கரையேறியது. ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்கள் தெருவில் மூன்று நாள் இருட்டு. வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, வாசலில் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் புகைபோக்கி பார்க்கும்படி நிறுத்தி, நீளக் கம்பியை உள்ளே இழுத்தோம். கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டால் நச்சுக் காற்றில் உயிரே போகும். அம்மாவின் இன்சுலின் இருந்த குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மின்விசிறி, செல்பேசிகள், இவ்வளவும் இரண்டு கிலோவாட்டில் ஓடின. வீட்டின் பெரிய குளிரூட்டி ஓடவில்லை. ஹைப்ரிடை வாங்கியிருக்கலாமோ என்று வியர்வையில் புரண்டபடி நினைத்தேன். இன்றும் அந்த நினைப்பு முழுதாகப் போகவில்லை.

நான் ஒதுக்கியவற்றைப் பற்றி வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. 2022, 2023 டண்ட்ரா எஞ்சின்களில் தங்கிவிட்ட உலோகத் துகளுக்காக டொயோட்டா 2024 மே மாதம் ஒரு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்காகச் செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம் 2025 ஏப்ரலில் ஆறு லட்சம் வண்டிகளை ஒட்டி அழைத்தது. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் முன், அதே 2025-இல் திரும்ப அழைக்கும் அறிவிப்புகளின் எண்ணிக்கையில் ஃபோர்டு பழைய சாதனைகளையெல்லாம் முறியடித்துவிட்டது. மாதம் ஒருமுறை வண்டியின் எண்ணை நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் போட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ராசிபலன் பார்ப்பது போல.

அம்மா ஏறுவதற்குக் கடையில் பன்னிரண்டு டாலருக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி வாங்கினோம். பின்கதவுக்குக் கீழே அதைப் போட வேண்டியது மூத்தவளின் வேலை, எடுத்து உள்ளே வைக்க வேண்டியது இளையவனின் வேலை. இருமுறை அதைப் பூங்கா வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம். எடைமேடைச் சீட்டை அத்தானுக்கு அனுப்பியபோது அவர் அதைக் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து எழுதினார்: “இன்னும் நாற்பது கிலோ மீதி இருக்கிறதே மாப்பிள்ளை, இரண்டு வாழைத்தார் போடலாமே.”